எருதும் அரிசியும்: வெலிங்டன் கோமகன் வரலாறு

திருகோணமலையிலே கோணேசப் பெருமானைத் தரிசிக்கச் செல்லும் அடியார், பிரடெரிக் கோட்டை வாயிலைக் கடந்தே சுவாமிமலைக்கு ஏறுகின்றனர். அவ்வழியிலே, கோட்டை மதிலுக்குள், வெல்லெஸ்லி என்னும் பெயரைத் தாங்கிய பழைய வீடொன்று உளது. மலையுச்சியில் மனத்தை வைத்துச் செல்வோர் அதனைக் கவனிப்பது அரிது. 1800-ம் ஆண்டின் கடைசி மாதத்தில் அத்துறைமுகத்துக்கு வந்திறங்கி, அரிசி மூடைகளையும் தண்ணீர்ப் பீப்பாக்களையும் கப்பல்களையும் எண்ணிக் கணக்கெழுதிக்கொண்டிருந்த முப்பத்தொரு வயதுக் கேணல் ஒருவரை நினைவூட்டும் வீடு அது. ஆதர் வெல்லெஸ்லி என்பது அவர் பெயர். வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் கோமகன் எனப் பின்னர் உலகம் அறிந்தவர் அவரே.

வர்த்தகம் பயில்வோருக்குப் போர்த்தலைவர்களை முன்மாதிரியாகக் காட்டும் வழக்கம் இக்காலத்தில் மலிந்துவிட்டது. அலெக்சாந்தர், அனிபால், யூலியசு சீசர், நெப்போலியன் ஆகியோர் முகாமை நூல்களில் அடிக்கடி தலைகாட்டுகின்றனர். சந்தையைக் கைப்பற்றுவது, போட்டியாளனை முறியடிப்பது, திடீரெனத் தாக்குவது என்று பேச்சு முழுவதும் பீரங்கிப் புகையாகவே இருக்கும். கேட்கும் இளைஞருக்கு நெஞ்சு நிமிரும். ஆனால், வியாபாரத்தில் இறங்கி நொடித்துப்போன பழைய மாணவர்களுள், எதிர்க்கடைக்காரனின் தாக்குதலால் வீழ்ந்தவர்களை நான் கண்டது மிகக் குறைவு. கிட்டங்கியில் உள்ளது எவ்வளவு, வெளியில் நிற்கும் கடன் எவ்வளவு, அடுத்த மாதம் கைக்கு வருவது எவ்வளவு என்பவற்றை அறியாமலே இரண்டாம் கடையையும் மூன்றாம் கடையையும் திறந்தவர்களே பெரும்பாலும் வீழ்ந்தார்கள். அத்தகையோருக்கு நெப்போலியனைக் காட்டுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகும். ஆதலின், கணக்கினால் வென்ற ஒருவரின் வாழ்வை இங்கு எழுத எண்ணினேன். அவர் கணக்கைக் கைவிட்டபொழுது நேர்ந்ததையும், அவர் கணக்கில் எழுதப்படாது போனதையும் மறைக்காமல் எழுதுவது முறையாகும்.

ஆதர் வெல்லெஸ்லி, அயர்லாந்தின் டப்ளின் நகரில், மொர்னிங்டன் பிரபுவின் புதல்வராக 1769-ம் ஆண்டிற் பிறந்தார். நெப்போலியன் பிறந்ததும் அவ்வாண்டிலேயே. தந்தையார் சங்கீதத்தில் வல்லவர். பணத்தைக் காப்பதில் வல்லவர் அல்லர். 1781-ம் ஆண்டில் அவர் இறந்தபோது குடும்பத்தின் கைம்முதல் மிகச் சுருங்கியிருந்தது. மூத்தவராகிய ரிச்சர்ட் கல்வியிற் சிறந்து விளங்கினார். ஆதரோ ஈற்றன் கல்லூரியில் மூன்றாண்டு படித்தும் எவர் கண்ணிலும் படாதவராகவே அங்கிருந்து விலக நேர்ந்தது. வயலின் வாசிப்பதொன்றிலேயே அவருக்கு விருப்பமிருந்தது. வேறு தொழிலுக்கு உதவமாட்டார் என்றெண்ணியே 1787-ம் ஆண்டில் அவரைப் படையிற் சேர்த்தனர். எம் பரிசளிப்பு விழாக்களில் ஒருமுறையேனும் மேடையேறாத மாணவர் இதனை வாசித்துச் சிறிது ஆறுதலடையலாம்.

படையிற் சேர்ந்த புதிதில் அவர் செய்த காரியம் ஒன்றைச் சொல்வர். சிப்பாய் ஒருவனைத் துப்பாக்கி, வெடிமருந்து, பொதி ஆகிய அனைத்துடனும் நிறுத்துப் பார்த்தார். பின்னர் அவையின்றி நிறுத்துப் பார்த்தார். ஒருவன் சுமப்பது எவ்வளவு என்று தெரியாமல் அவன் எவ்வளவு தூரம் நடப்பான் என்று சொல்லல் இயலாதல்லவா? 1793-ம் ஆண்டில் வயலின்களை நெருப்பிலிட்டுவிட்டுத் தொழிலிலே முழுமனத்துடன் இறங்கினார். அக்காலப் பிரித்தானியப் படையிற் பதவிகள் விலைக்கு விற்கப்பட்டன. தமையனாரிடம் பெற்ற பணத்தைக் கொண்டு 33-ம் படைப்பிரிவின் லெப்டினன்ட் கேணல் பதவியைப் பெற்றார்.

முதற் போர்க்களம் பிளாந்தர்சும் ஒல்லாந்துமாகும். 1794-ம் ஆண்டின் கடுங்குளிரிலே பிரித்தானியச் சேனை பிரெஞ்சுக்காரர் முன் பின்வாங்கியது. போதிய வண்டிகள் இல்லை, உடை இல்லை, நோயாளரைப் பேண ஒழுங்கில்லை, மேலதிகாரிகள் முன்னணிக்கு வந்து பார்ப்பதும் இல்லை. பகைவரின் குண்டுக்குத் தப்பியவர்கள் குளிருக்கும் பசிக்கும் இரையாயினர். ஒரு தொழிலை எவ்வாறு நடத்தக்கூடாது என்பதை அந்த ஒரு குளிர்காலம் அவருக்குக் கற்பித்துவிட்டது.

1797-ம் ஆண்டில் இந்தியாவை அடைந்தார். இந்தியாவைப் பற்றிய நூல்கள் நிறைந்த பெட்டி ஒன்றும் அவருடன் வந்தது. அடுத்த ஆண்டு தமையனார் ரிச்சர்டே மகாதேசாதிபதியாக வந்து சேர்ந்தார். தமையனின் செல்வாக்குத் தம்பியை உயர்த்தியது என்பதை மறுப்பதற்கில்லை. உயர்ந்த இடத்தில் நிலைத்து நிற்பதற்குச் செல்வாக்கு மட்டும் போதாது.

மைசூர் மன்னர் திப்பு சுல்தான்மீது படையெடுப்பதென முடிவானபோது, ஆற்காடு, வேலூர், வாலாஜாபாத்துப் பகுதிகளிலே படையை ஆயத்தஞ் செய்யும் பொறுப்பு வெல்லெஸ்லியிடம் வந்தது. தென்னிந்தியாவிலே சேனை நடப்பது எருதின் காலினாலேயாகும். அரிசியைச் சுமப்பது எருது. அந்த எருதுக்கும் தீனி வேண்டும். அதனை ஓட்டுபவனுக்கும் சோறு வேண்டும். தூரம் கூடக்கூட, சுமையிற் பெரும்பங்கு சுமப்போருக்கே செலவாகிவிடும். இந்தக் கணக்குத் தவறியமையால், 1791-ம் ஆண்டிலே கோர்ன்வாலிஸ் பிரபு சீரங்கபட்டணத்தின் வாயில்வரை சென்றும், எருதுகள் மாண்டுபோகத் தம் பெரும்பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுத் திரும்பியிருந்தார். வாயில்வரை சென்று திரும்புவதைப் போன்ற நட்டம் வேறில்லை. கடன் வாங்கி ஆலையைக் கட்டி முடித்து, மூலப்பொருள் வாங்கக் கையிற் காசில்லாமல் கதவை மூடியவர்களுக்கு இது விளங்கும்.

அப்படையெடுப்பில் வெல்லெஸ்லிக்குத் தனிப்பட ஒரு தோல்வியும் கிடைத்தது. 1799-ம் ஆண்டு ஏப்பிரில் 5-ந் தேதி இரவு, சீரங்கபட்டணத்துக்கு வெளியேயுள்ள சுல்தான்பேட்டைத் தோப்பைப் பிடிக்குமாறு ஏவப்பட்டார். பகலிலே இடத்தைப் பார்வையிடாது இருளிலே புகுந்தார். வழி தவறியது, படை சிதறியது, தாமும் முழங்காலில் அடிபட்டுத் திரும்பினார். அவருடைய வீரர் பன்னிருவர் பிடிபட்டு உயிரிழந்தனர். மறுநாள் வெளிச்சத்திலே அதே தோப்பு எளிதாகக் கைவசமாயிற்று. தம் கண்ணாற் பாராத இடத்தை இருளிலே தாக்குவதில்லை என்று அன்று உறுதிசெய்துகொண்டார். பிற்காலத்திலே அவர் போர்க்களங்களை அதிகாலையில் தாமே குதிரையேறிச் சுற்றிப் பார்த்த வழக்கத்தின் வேர் இத்தோப்பிலேதான் இருக்கின்றது.

மே 4-ந் தேதி கோட்டை வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரிட்டபடியே உயிர்விட்டார். அன்றிரவு நகர் சூறையாடப்பட்டது. மறுநாட் பொறுப்பேற்ற வெல்லெஸ்லி, கொள்ளையிட்ட சிப்பாய்கள் நால்வரைத் தூக்கிலிட்டு அதனை நிறுத்தினார். சில நாட்களிற் கடைத்தெரு மீண்டும் திறந்தது. கோட்டைத் தாக்குதலைத் தலைமைதாங்கி நடத்திய பெயர்ட் என்னும் தளபதியை விடுத்து, வெல்லெஸ்லிக்கே சீரங்கபட்டணத்தின் ஆட்சிப்பொறுப்பு அளிக்கப்பட்டது. பெயர்ட் அதனை மறக்கவில்லை.

மைசூரிற் கழித்த ஆண்டுகளே வெல்லெஸ்லியின் உண்மையான கல்லூரி எனலாம். திப்புவுக்கு ஊழியஞ் செய்த பூர்ணையா என்னும் அமைச்சரே புதிய ஆட்சியிலும் திவானாயிருந்தார். தோற்றவரின் அமைச்சர் என்று ஒதுக்காது, அவருடைய அனுபவத்தை வெல்லெஸ்லி மதித்து நடந்தார். ஐதர் அலியும் திப்புவும் பேணி வளர்த்த அமிர்தமகால் எருதுகளின் வேகத்தையும் உறுதியையும் கண்டு, தம் படையின் முதுகெலும்பே அவையென உணர்ந்தார். எருதைப் பட்டினிபோடும் ஓட்டியும், அதனைக் கண்டும் காணாதிருக்கும் அதிகாரியும் அவருடைய கோபத்துக்குத் தப்பவில்லை.

இன்னொரு கூட்டத்தாரையும் இங்கே சொல்லல் வேண்டும். இலங்கையில் முற்காலத்துத் தவளக்காரர் எருதின் முதுகிலே உப்பும் பாக்கும் ஏற்றி நாடெங்குந் திரிந்தது போல, தக்கணத்திலே வணஜாரர் எனப்படுவோர் ஆயிரக்கணக்கான எருதுகளிலே தானியமேற்றிச் சேனைகளுக்கு விற்று வந்தனர். அவர்கள் எவருக்கும் அடிமைகள் அல்லர். யார் நல்ல விலை கொடுத்துப் பாதுகாப்பும் அளிப்பாரோ அவரிடம் செல்லும் வியாபாரிகள். பல தளபதிகள் அவர்களை அதட்டியே வேலை வாங்க முயன்றனர். வெல்லெஸ்லி அவர்களுடைய தானியத்துக்கு விலை கிடைப்பதை உறுதிசெய்து, கொள்ளையரிடமிருந்து காத்தார். 1800-ம் ஆண்டிலே தூந்தியா வாக் என்னும் குதிரைப்படைத் தலைவனைத் துங்கபத்திரைக்கு வடக்கே மாதக்கணக்காகத் துரத்திச் செல்ல அவருக்கு இயன்றமைக்குக் காரணம், தானியம் அவருக்குப் பின்னே வந்துகொண்டிருந்தமையே. செப்டெம்பர் 10-ந் தேதி தூந்தியா கொல்லப்பட்டான். பொதிகளிடையே அகப்பட்ட அவனுடைய சிறு மகனை வெல்லெஸ்லி தம் பாதுகாப்பில் எடுத்து, அவன் வளர்ப்புக்குப் பணமும் வைத்துச் சென்றார்.

எங்கும் அவருக்கு வெற்றியே கிடைத்ததென எண்ணற்க. வயநாட்டிலே பழசி இராசாவுக்கு எதிராக அவர் வீதிகளை வெட்டச் செய்தும், காவல்நிலைகளை அமைத்தும், காட்டையும் மழையையும் தம் வசப்படுத்த முடியவில்லை. அவர் இந்தியாவை விட்டுச் சென்றபோது பழசி இராசா பிடிபடாமலே இருந்தார்.

திருகோணமலைக்கு அவர் வந்தது இக்காலத்திலேயே. கடல்கடந்த படையெடுப்பொன்றுக்காகச் சேனை அங்கே கூட்டப்பட்டது. எங்கே செல்வதென்பது மேலிடத்தில் மாறிக்கொண்டே இருந்தது. மொறீசியசு என்றும் பத்தாவியா என்றும் சொல்லி, ஈற்றில் எகிப்து என முடிவாயிற்று. செங்கடலுக்குப் புறப்படத் திருகோணமலையில் உணவு போதாதெனக் கண்ட வெல்லெஸ்லி, உத்தரவுக்குக் காத்திராமல், 1801-ம் ஆண்டு பெப்ரவரியில் படையைப் பம்பாய்க்குக் கொண்டு சென்றார். அதற்குள் தலைமைப் பதவி அவரிடமிருந்து எடுக்கப்பட்டுப் பெயர்ட்டுக்கே அளிக்கப்பட்டது. தமையனாரின் செயலை அவர் பெருங்கசப்புடன் ஏற்றார். பம்பாயிற் காய்ச்சலாற் பீடிக்கப்பட்டுப் பின்தங்கினார். அவர் ஏறியிருக்க வேண்டிய கப்பல் கடலில் மூழ்கி, அதிலிருந்தோர் அனைவரும் மாண்டனர். பதவி போனதும் நோய் வந்ததும் அவர் உயிரைக் காத்தன.

1803-ம் ஆண்டு மராட்டியப் போரிலே மைசூரிற் கற்ற அனைத்தும் பயன்பட்டன. மழைக்காலத்திலே படை நகர்த்தலாகாதென்பது பொதுவிதி. வெல்லெஸ்லி எதிர்மாறாக எண்ணினார். ஆறுகள் பெருகினால் மராட்டியக் குதிரைப்படை விரும்பியபடி ஓடித்திரிய முடியாது. தம்மிடமோ ஆற்றைக் கடக்கப் பரிசல்கள் செய்யும் ஏற்பாடு உண்டு. எல்லோருக்கும் இடையூறான காலம், ஆயத்தமுள்ள ஒருவருக்கு அனுகூலமான காலமாயிற்று. ஓகஸ்டு மாதத்தில் அகமதுநகர்க் கோட்டையைக் கைப்பற்றி அதனைத் தம் பண்டகசாலையாக்கிய பின்னரே மேலே சென்றார்.

செப்டெம்பர் 23-ந் தேதி, அசாயே என்னும் சிற்றூரருகே, சிந்தியாவினதும் போன்ஸ்லேயினதும் பெருஞ்சேனையை எதிர்பாராது சந்தித்தார். தம்மிடம் இருந்தோர் ஏறத்தாழ 7,000 பேர், எதிரே பன்மடங்கினர். இடையே கைத்னா ஆறு. கடக்கத் துறையில்லை என்று வழிகாட்டிகள் ஒரே குரலிற் சொன்னார்கள். வெல்லெஸ்லி தாமே முன்சென்று நோக்கினார். ஆற்றின் இரு கரையிலும் நேர்க்குநேராக இரண்டு ஊர்கள் தெரிந்தன. அத்துணை அருகருகே ஊரமைத்து வாழும் மக்கள் ஒருவரையொருவர் சந்திக்க வழியில்லாமலா இருப்பர்? அங்கே துறையிருத்தல் வேண்டும் என ஊகித்துப் படையைச் செலுத்தினார்; துறையிருந்தது. இவ்வூகத்தை அவர் தம் பிற்காலப் பெருவெற்றிகளினும் உயர்வாக மதித்தார் என்பர். மனிதர் அன்றாடம் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை அறிந்தவருக்கே தோன்றத்தக்க ஊகம் அது. வாடிக்கையாளர் வீதியை நடந்து பாராமல் அறையிலிருந்து திட்டமிடுவோருக்கு அது தோன்றாது.

98 பீரங்கிகள் கைப்பற்றப்பட்டன. ஆனால், இறந்தும் காயமுற்றும் போனவர் ஏறக்குறைய 1,600 பேர். அன்றிரவு அவர் முழங்காலிடையே தலையைத் தாழ்த்தி நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தாராம்.

1805-ம் ஆண்டில் இந்தியாவை விட்டு நீங்கினார். இனி ஐரோப்பா. 1808-ம் ஆண்டிலே போர்த்துக்கலில் இறங்கி வென்றவர், 1809-ம் ஆண்டு ஏப்பிரிலில் தலைமைத் தளபதியாக மீண்டும் அங்கே அனுப்பப்பட்டார். மே மாதம் ஒப்போர்ட்டோ நகரிலே, மதுப்பீப்பா ஏற்றும் நான்கு வள்ளங்களைக் கொண்டு தூரோ ஆற்றைக் கடந்து பிரெஞ்சுக்காரரைத் திகைக்கச் செய்தார். ஆனால் யூலையில் தலவேராவிலே வென்றும் பட்டினியாற் பின்வாங்கினார். ஸ்பானிய அதிகாரிகள் வாக்களித்த வண்டிகளும் உணவும் வந்து சேரவில்லை. அதன்பின் பிறரின் வாக்கை நம்பி அவர் படை நடத்தியது அரிது. ஆயிரக்கணக்கான கோவேறு கழுதைகளைக் கூலிக்கமர்த்தி, லிஸ்பன் துறைமுகத்திலிருந்து ஆறு, வண்டி, கழுதை எனத் தொடராக உணவை நகர்த்தும் ஒழுங்கொன்றைக் கட்டினார். இலண்டனிலிருந்து நாணயம் ஒழுங்காக வராமையாற் கழுதைக்காரர்களுக்கு மாதக்கணக்கிற் கூலி நின்றதும் உண்டு. அதனைத் தீர்க்குமாறு அரசாங்கத்துக்கு அவர் எழுதிய கடிதங்களுக்கு முடிவில்லை. அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையே 1812-ம் ஆண்டிற் போர் தொடங்கிய பின்னரும், அமெரிக்கக் கோதுமை மா அனுமதிப்பத்திரத்தோடு லிஸ்பனுக்கு வந்து அவருடைய சேனையை ஊட்டியது. வியாபாரத்தின் போக்கு விசித்திரமானது.

நெப்போலியனின் சேனைகளோ செல்லுமிடத்து விளைச்சலை எடுத்து உண்டே வேகமாகச் சென்றன. செழித்த நாட்டிலே அம்முறை வெற்றி தந்தது. வறண்ட நாட்டிலே என்னவாகும்? 1809-ம் ஆண்டு ஒக்டோபர் 20-ந் தேதி, வெலிங்டன் தம் பொறியியலாளர் பிளெச்சருக்கு நீண்ட கட்டளையொன்றை எழுதினார். அத்திலாந்திக் கடலிலிருந்து தேகசு ஆறு வரை, தொரஸ் வெத்ராஸ் மலைத்தொடர் வழியே, லிஸ்பனைச் சூழ்ந்து அரண் வரிசைகள் எழும்பின. பல்லாயிரம் போர்த்துக்கேயத் தொழிலாளர் ஓராண்டு வேலை செய்தும் அச்செய்தி பிரெஞ்சுத் தளபதி மசேனாவுக்கு எட்டவில்லை. 1810-ம் ஆண்டு ஒக்டோபரில் ஏறத்தாழ 65,000 பேருடன் தொடங்கிய படையை அவர் அரண்முன் கொண்டுவந்தபோது, தாக்க முடியாதெனக் கண்டார். ஐந்து மாதங்கள் அரணுக்கு வெளியே பசியோடு காத்திருந்து, 1811-ம் ஆண்டு மார்ச்சிலே திரும்பினார். அவர் இழந்த ஏறத்தாழ 25,000 பேரிற் பெரும்பாலோரைக் கொன்றவை பசியும் நோயுமே. அரணுக்குள்ளே கப்பல்கள் உணவிறக்கிக்கொண்டிருந்தன.

முகாமை நூலார் இவ்விடத்தில் நிறுத்திவிடுவர். நான் நிறுத்த விரும்பவில்லை. மசேனாவின் படை பசியால் வாடுவதற்காக, அரணுக்கு வெளியேயிருந்த போர்த்துக்கேய நாடு வெறுமையாக்கப்பட்டது. ஆலைகளை உடைத்து, தானியத்தை எடுத்து அல்லது எரித்து, குடிகள் ஊரைவிட்டுப் பெயருமாறு கட்டளையிடப்பட்டனர். லிஸ்பனிலே அகதிகள் நிறைந்தனர். பெயராது நின்றவர்களிடம் எஞ்சிய தானியத்தைப் பிரெஞ்சுச் சிப்பாய்கள் சித்திரவதை செய்து பறித்தனர். பல்லாயிரம் குடியானவர் பசியாலும் நோயாலும் இறந்தனர். அரிசி மூடையை ஒன்றொன்றாக எண்ணிய வெலிங்டனின் கணக்கிலே இவர்களுக்குரிய நிரலைக் காணவில்லை. ஓர் உபாயம் மலிவானது என்று சொல்லப்படும்போது, அதன் விலையை யார் கொடுத்தார் என்று வினவும் பழக்கம் எம் மாணவருக்கு வேண்டும்.

1812-ம் ஆண்டிலே அவரே தம் விதியை மீறினார். சலமன்காவிற் பெருவெற்றி பெற்று மட்ரிட் நகரிற் புகுந்தபின், செப்டெம்பர் 19-ந் தேதி பூர்கொஸ் கோட்டையை முற்றுகையிட்டார். சுவரை இடிக்கத்தக்க 18 இறாத்தற் பீரங்கிகள் அவரிடம் மூன்றே இருந்தன. கடற்படையினர் பெரும்பீரங்கி தர முன்வந்தும் காலத்தே ஏற்கவில்லை. ஐந்து முறை தாக்கி, 2,000 பேரளவில் இழந்து, ஒக்டோபர் 21-ந் தேதி இரவோடிரவாக விலகினார். பின்வாங்கும் வழியிலே, உணவுப்பொதிகள் வேறொரு பாதையால் அனுப்பப்பட்டமையால், மழையிலும் சேற்றிலும் வீரர் பட்டினி கிடந்தனர். பூர்கொஸ் தோல்விக்குரிய பழியை அரசாங்கத்தின் முன் தாமே ஏற்ற பெருந்தன்மை அவரிடம் இருந்தது. ஆனால், ஒழுங்கு குலைந்தமைக்குத் தம் அதிகாரிகளைக் கடிந்து எழுதிய சுற்றுநிருபம், பசியோடு நடந்தவர்களின் நெஞ்சைப் புண்படுத்தியது; பலர் அதனை இறக்கும்வரை மன்னிக்கவில்லை. எல்லாவற்றையுந் தாமே பார்ப்பவருக்குப் பிறர் உழைப்புக் கண்ணிற் படுவதில்லைப் போலும்.

அக்குளிர்காலம் முழுவதும் கூடாரம், சமையற்பாத்திரம், கழுதை என்று சிறு விடயங்களைத் திருத்துவதிலே கழிந்தது. 1813-ம் ஆண்டிலே அவர் செய்த காரியம் அழகானது. ஸ்பானியாவின் வடக்கே முன்னேற முன்னேற லிஸ்பன் தொலைவாகிவிடும் என்பதை முன்னரே கணித்து, வடகரையிலுள்ள சந்தாந்தர்த் துறைமுகத்துக்குக் கப்பல்களை வரச்செய்தார். பிரெஞ்சுக்காரர் அவருடைய பழைய பாதையை எண்ணிக்கொண்டிருக்க, அவர் அப்பாதையையே உதறிவிட்டார். யூன் 21-ந் தேதி வித்தோரியாவில் வென்றார்.

பிரான்சிற் புகுந்தபோது, தம் நாடு பட்ட துன்பத்துக்குப் பழிவாங்கத் துடித்த ஸ்பானியப் படைகளிற் பெரும்பகுதியைத் திருப்பியனுப்பினார். போர்வீரர் தொகை குறைவதினும் ஊராரின் பகை கொடிதெனக் கருதினார். வாங்கிய கோழிக்கும் வைக்கோலுக்கும் காசு கொடுக்கப்பட்டது. பிரெஞ்சுக் குடியானவர் தம் சொந்தச் சேனைக்கு ஒளித்த பண்டத்தை அந்நியனுக்கு விற்றனர். அவர்கள் பிரெஞ்சு நாணயத்தையே விரும்பினமையால், கள்ளநாணயம் அடித்த அனுபவமுள்ள சிப்பாய்களைத் தம் படையிலேயே தேடிப்பிடித்து, நிறையும் தரமுங் குறையாத பிரெஞ்சு நாணயங்களை அவர்களைக் கொண்டே அடிப்பித்தார். கள்வர் கைக்கு நேர்மையான தொழில் கிடைத்தது!

வாட்டர்லூவைப் பற்றி எம் மாணவர் அறிவர். இரண்டை மட்டும் சொல்வேன். 1815-ம் ஆண்டு யூன் 18-ந் தேதி அவர் நின்ற மேட்டுநிலத்தை முந்திய ஆண்டே பார்த்து வைத்திருந்தார். அன்றியும், பிரசியத் தளபதி புளூக்கர் வந்து சேர்வார் என்ற வாக்கின்மீதே அங்கு நின்றார். தலவேராவிற் பொய்த்த வாக்கும் இங்கே நிறைவேறிய வாக்கும் வேறுபட்டதேன் என்றால், புளூக்கர் எத்தகையவர் என்பதை வெலிங்டன் அறிந்திருந்தார் என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தோன்றவில்லை.

1828-ம் ஆண்டிலே பிரதம மந்திரியானார். படையிலே கட்டளையிட்டுப் பழகியவருக்கு, சமமான மந்திரிகளோடு வாதாடி இணங்கச் செய்வது கைவரவில்லை. கத்தோலிக்கருக்குப் பாராளுமன்ற உரிமை அளிக்கும் சட்டத்தை 1829-ம் ஆண்டிலே தம் கட்சியாரின் எதிர்ப்பையும் மீறி நிறைவேற்றினார். பின்வாங்க வேண்டிய இடத்தை அங்கே அறிந்திருந்தார். அடுத்த ஆண்டு தேர்தற் சீர்திருத்தத்தை முற்றாக மறுத்துப் பேசிப் பதவியிழந்தார். வாட்டர்லூ வீரரின் வீட்டு யன்னல்களை இலண்டன் மக்கள் கல்லெறிந்து உடைத்தனர்; அவர் இரும்புக் கதவுகளை மாட்டுவித்தார்.

1852-ம் ஆண்டு செப்டெம்பர் 14-ந் தேதி வால்மர் மாளிகையில் இறக்கும்பொழுது அவருக்கு எண்பத்துமூன்று வயது. காது மந்தமாகியும், கடிதங்களுக்குத் தம் கையாலேயே மறுமொழி எழுதிவந்தார். முன்னொருகால், வீட்டுச் செலவுக் கணக்குகளைத் தீர்க்குமாறு நம்பிக்கைக்குரிய ஊழியன் ஒருவனிடம் பணங்கொடுத்திருந்தார். கடன்காரர் வந்து நின்றபோதே, அவன் அப்பணத்தைக் கொண்டு தன் சொந்த இலாபத்துக்கு ஊகவியாபாரம் செய்தமை தெரியவந்தது. அதன்பின், மெழுகுதிரிக்காரனுக்கும் இறைச்சிக்காரனுக்கும் கொடுக்கவேண்டியதைக் கோமகன் தாமே பார்த்துத் தீர்த்துவந்தார்.